இன்னியோட சரி

"இன்னிக்கும் அடிச்சீங்களா?" வாயும் வயிறுமாக வாசலை மறித்து நின்றாள் மனைவி.

"கொஞ்சமாத்தான்…"

"நாத்தம் இங்கவரைக்கும் வருது. கிட்ட வராதீங்க! குழந்தை வளர்ச்சி கம்மின்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

புதிதாகக் குடிவந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, அந்தக் கருமத்தை விட்டாத்தான் என்ன?"

"விட்டாச்சுக்கா! மேஸ்திரிகிட்ட கெஞ்சி வேற வேலைக்கு மாறிட்டேன். நாளையிலேர்ந்து வேற ஆள் அடிப்பார்."

"வேற ஆளா?"

"ஆமாக்கா. தோட்டத்துக்கு யாராவது பூச்சிமருந்து அடிச்சுத்தானே ஆகணும்?"

அக்கா அசடு வழிந்தாள். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, இவர் டீயே அரை டம்ளர்தான் குடிப்பார்!"

பிறகு சோப்பையும் மாற்றுத்துணியையும் தள்ளி நின்றே நீட்டினாள்.

"நல்லாத் தேய்ச்சுக் குளிச்சிட்டு வாங்க. காலையிலேர்ந்து உதைச்சுக்கிட்டே இருக்கு உங்க பிள்ளை. இன்னிக்காவது தொட்டுப் பாருங்க."