அன்பரசியின் மொட்டை

அன்பரசி மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே எதிர்வீட்டுப் பாஞ்சாலைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் மாசாமாசம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவது சும்மாவா? புற்றுநோய்தான். மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்பதுகூடவா பாஞ்சாலைக்குத் தெரியாது!

மறுநாள், வாசலில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அன்பரசியின் புருஷன் விஜயராஜுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மனசுல கவலைய தேக்கி வெச்சா புத்து வருமாம்டா. செல்லுல ஒருத்தர் சொல்றாரு. அவளுக்கு இன்னா கவலை? நீதான். நாள் தவறாம சண்ட போட்டுக்கினே இருந்தியே!"

"ஆமாக்கா, என் தப்புதான்." தலைப்பாகை கட்டிய தலையை அவன் நிமிர்த்தவேயில்லை.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது பாஞ்சாலைக்குச் சப்பென்று போய்விட்டது.

சாமைக் கஞ்சியோடு வெளியே வந்த அன்பரசிக்குப் பொறுக்கவில்லை. "நோயாளியப் போயி ஏன்க்கா திட்ற? நோவு அவருக்கு. நான் படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கினு முடி குடுத்தேன்." புருஷனின் தலைப்பாகையை உருவினாள். உள்ளே அவளைவிட வழவழப்பாக இன்னொரு மொட்டை.

"அப்புறம் ஏன்டா ஆமா ஆமான்ன?"

"எனக்குன்னு தெரிஞ்சா, இவ வாயாலதான் வந்துச்சின்னு ஊரு சொல்லும்க்கா. கவலையாலதான் வருதுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னாரு எங்க டாக்டரு. ஊரு கேக்குமா?"

"சேச்சே! நம்ம ஊரு அப்டியெல்லாம் பேசுமா?" என்று எழுந்தாள் பாஞ்சாலை.

அடுத்த வீட்டு வாசலில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"சங்கதி தெரியுமா? நோவு அவனுக்காம்! வராம பின்ன? அவ வாய் இன்னா லேசுப்பட்ட வாயா?"