கெசையா போட்ட பெருக்கல் குறி

“உனக்கு இதெல்லாம் புரியாது டோரீன். பேசாம பென்சிலைச் சீவு,” என்றார் நெவில் கேட்டர்மோல்.

டோரீன் பேசாமல் பென்சிலைச் சீவினாள். ஆவணக் காப்பகத்துக்குள் பேனா எடுத்துப்போகக் கூடாது. அதனால் அவளுக்குச் சீவுகிற வேலைக்குக் குறைவே இல்லை.

பத்து வருஷமாக இதே கதைதான். வங்கி மேலாளர் வேலையில் இருந்தவரை ஊரே நெவிலிடம் வந்து யோசனை கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு மணி என்ன என்றுகூட யாரும் கேட்கவில்லை. மனிதர் ஒரு வாரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூதாதையரைத் தேடக் கிளம்பிவிட்டார்.

மனைவி டோரீனும் கூடவே வந்தாள். பழைய பதிவேட்டில் எதையாவது காட்டி, “நெவில், இது என்ன எழுத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு,” என்பாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துக் காட்டுவார். பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரிதான் படிப்பார்.

அன்று அவர் தேடி வந்தது கெசையாவை. நெவிலின் தாத்தாவுக்குப் பாட்டி. 1851ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் ஆமோஸ் கேட்டர்மோலின் மனைவி கெசையா என்ற பெயருக்கு எதிரே ‘பள்ளி ஆசிரியை’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து நெவில் பெரிய கோட்டையே கட்டிவிட்டார். வருகிற சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் அவர் பேச்சு. தலைப்பு: ‘எழுத்தறிவித்த குடும்பம்’. கறிக்கடைக் கதவில்கூட நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

பாக்கி இருந்தது தேவாலயத்தின் திருமணப் பதிவேடு மட்டும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் வந்தார்.

1846, அக்டோபர். மாப்பிள்ளை ஆமோஸ், பண்ணைக் கூலி. கையெழுத்துப் போடும் இடத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவர்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் கைநாட்டு. பண்ணைக் கூலிதானே, போகட்டும் என்று நெவில் ஒரு வரி கீழே இறங்கினார்.

அங்கே மணப்பெண் கெசையா ஃபிஞ்சம். கையெழுத்து? அதுவும் பெருக்கல் குறி.

நெவில் கப்பல் கவிழ்ந்துபோன மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“கைநாட்டு எப்படி டீச்சரா இருப்பா? இவ வேற கெசையா. பத்து வருஷமா யார் வீட்டு வம்ச மரத்துலயோ ஏறி உட்கார்ந்திருக்கேன்.” குரல் இறங்கிவிட்டது. “சனிக்கிழமை கூட்டம் வேணாம்னு சொல்லிடறேன்.”

டோரீன் பென்சில் தூளைக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

“தெரியாமத்தான் கேக்கறேன். அடுத்த தாளைக் கொஞ்சம் திருப்பேன். நீ புரட்டறப்ப அதுல ஒரு கையெழுத்து ரொம்ப அழகா தெரிஞ்சுது. என்னன்னுதான் புரியலை.”

நெவில் அரை மனதோடு திருப்பினார்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு கல்யாணம். மணப்பெண் ரூத் ஃபிஞ்சம், கெசையாவின் தங்கை. சாட்சி போடும் இடத்தில், கொஞ்சமும் நடுங்காத முத்து முத்தான எழுத்தில்: கெசையா கேட்டர்மோல்.

நெவில் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இவ்வளவு அழகாக எழுதுகிறவள் தன் கல்யாணத்தில் மட்டும் ஏன் குறி போட்டாள்?

மெதுவாகத்தான் பிடிபட்டது. மாப்பிள்ளை முதலில் போட வேண்டும். ஆமோஸ் குறியைக் கீறிவிட்டுப் பேனாவை நீட்டியிருப்பான். பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டு வீட்டாரும் நிற்கிறார்கள். அந்தக் கோணல் குறிக்குக் கீழே அவள் எப்படி முத்து முத்தாக எழுதுவாள்?

“புருஷன் நாலு பேர் முன்னாடி தலைகுனியக் கூடாதுன்னு, தெரிஞ்சதையே தெரியாத மாதிரி...” நெவில் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்படியா எழுதியிருக்கு?” என்றாள் டோரீன்.

“எழுத மாட்டாங்க. நாமதான் படிச்சுக்கணும். அதுக்கு அனுபவம் வேணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குருட்டாம்போக்குல சொன்னாலும் நல்ல இடமாப் பார்த்துத்தான் சொன்னே. ஆனா ஒண்ணு, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்டாட்டி எவனுக்குக் கிடைப்பா?”

“கஷ்டம்தான்,” என்று டோரீன் பென்சில்களை எடுத்து வைத்தாள்.

கோட்டுகளை எடுக்க அவள் முன்னால் போனாள். நெவில் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கவுண்டரில் இருந்த பெண், “உங்க மனைவிகிட்ட ஒரு விஷயம் சொல்லிடறீங்களா? செவ்வாய்க்கிழமை பழைய கையெழுத்தைப் படிக்கற வகுப்பை இனிமே பத்து மணிக்கு மாத்தியிருக்கோம்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமைகளில் டோரீன் தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்யப் போகிறாள் என்றுதான் நெவிலுக்குத் தெரியும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாவம், எத்தனை நாளா கத்துக்கறா? இன்னும் ஒரு எழுத்துகூட வரலையே.”

“கத்துக்கறதா? ஆறு வருஷமா அவங்கதானே சார் எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க.”

நெவில் கவுண்டரில் கிடந்த பதிவேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

வாசலில் டோரீன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். “அந்தப் பொண்ணு என்னவோ சொன்னாளே, என்ன நெவில்?”

நெவில் ஒரு கையை நுழைத்தார். அடுத்த கையை நுழைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை, பத்து மணின்னு ஏதோ சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை டோரீன்.”