பெரியவர் செலவில்

"என் கூரையில கைய வைக்காதீங்க! சொல்லிட்டேன்!"

ஏணிக்குக் குறுக்கே நின்று கத்தினாள் தம்பி மனைவி. ஏறப்போன தகர மேஸ்திரி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பின்னே, அடுத்த வீட்டுச் சண்டை ஓசியில் கிடைத்தால் விடுவார்களா?

ஒரே வீடு, ஒரே கூரை. அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டது. தம்பி போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பாதியில் இப்போது இவளும், பள்ளிக்கூடம் போகும் மகளும்தான்.

"ஏம்மா கத்தறே?" அண்ணனான பெரியவர் நிதானமாகத்தான் கேட்டார். "கூரை ஓரம் நெடுக, மழைத்தண்ணி பிடிக்கத் தகரத்துல வாய்க்கால் கட்டறேன். எல்லாம் என் செலவு. உன்கிட்ட சல்லிக்காசு கேட்டேனா?"

"உங்க பாதிக்குக் கட்டிக்குங்க. எனக்கு வேணாம்."

"எனக்கெதுக்கு? என் பாதியைச் சிமெண்ட் சுவரா மாத்திட்டேன், எந்த மழைக்கும் அசையாது. உன்னுது மண்சுவராச்சே! கூரைத்தண்ணி வழிஞ்சு வழிஞ்சு கரையறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது."

"அவரு படுக்கையில கிடந்தப்ப எட்டிப் பார்க்காத ஆளுக்கு, இப்ப வயிறு எரியுதாக்கும்!"

"வாயைப் பாரு!" எதிர்வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்கும்பாங்க. உனக்குக் கூரையிலயே கொண்டுவந்து மாட்டுது. வேணாங்கறியே!"

பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பி பொண்ணு நனையக் கூடாதுன்னு நினைச்சது தப்பா?"

மகளைச் சொன்னதும் அவள் குரல் அடங்கிவிட்டது. போன மழையில், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் காலடியில் சுவர்மண் பொத்தென்று விழுந்ததே!

"மன்னிச்சிடுங்க மாமா. ஏதோ கோவத்துல வாய் நீண்டுடுச்சு."

"விடும்மா. நமக்குள்ள என்ன?"

'மனுஷன்னா இவர்தான்' என்று மெச்சிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

மேஸ்திரி மேலே போய் அளவெடுத்தார். "பெரியவரே, ஒரு நிமிஷம் ஏறி வாங்க. கேட்டுட்டு ஆணி அடிக்கறேன்."

பெரியவர் ஏறும்போது ஏணி ஆடியது. அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கறது?" என்றார் மேஸ்திரி. "சரிவு வைக்கிற பக்கம்தான் மொத்தத் தண்ணியும் இறங்கும். அங்க தரைவரைக்கும் பைப்பு வைக்கணும்."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "அவ பக்கம் குடு. பைப்பு வேணாம். மொத்தமும் அந்த மண்சுவர் மேலயே ஊத்தட்டும்."

"ஐயையோ! ரெண்டு மழை தாங்காதே!"

"அது எனக்குத் தெரியாதா? சுவர் விழுந்தா, வந்த விலைக்கு என்கிட்டயே தள்ளிட்டுக் கிளம்பிடுவா. நீ வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

சொல்லிவிட்டு இறங்கத் திரும்பினார்.

"பார்த்து, மெதுவா இறங்குங்க மாமா!" ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள் அவள். "உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு வேற யாரு இருக்கா?"