ஏழு சென்டிமீட்டர்

வாக்கரை அப்பால் தள்ளி வைக்கச் சொன்னான் விஜேந்திரன். பிரியந்தி தள்ளி வைத்தாள்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு, எதையும் பிடிக்காமல் அவன் நிற்கப்போகும் முதல் நாள்.

கதவு நிலையில் பழைய பென்சில் கோடுகள் இரண்டும் அழியாமல் இருந்தன. கீழே இருப்பது அவனுடையது. மேலே இருப்பது அவளுடையது.

அவளுடையது பொய்க் கோடு. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பிரியந்தி நினைத்திருந்தாள்.

கல்யாணத்தன்று போட்டோ பிடிக்க வந்தவர் கமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "பொண்ணு கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க, மாப்பிள்ள சின்னப்புள்ள மாதிரி தெரியிறாரு" என்றார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனதைப் பக்கத்தில் நின்ற அவள்தான் பார்த்தாள்.

ஒரு போட்டோவுக்காகக் குனிந்தவள் ஏழு வருஷமாக நிமிரவில்லை.

மாமியார் அன்னம்மா அந்தக் கூனலுக்கான பழியைத் தேயிலைக் கொழுந்துக் கூடையின் மேல் போட்டார். கூடைக் கயிறு இழுத்த கழுத்து, பாவம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பிரியந்தி டிக்கோயா மலையில் கொழுந்து பறித்தது ஒன்றரை வருஷம். ஒன்றரை வருஷக் கூடைக்கு இவ்வளவு வளைவா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கூடையே பழியைச் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும்போது மட்டும் முதுகை நிமிர்த்திக்கொள்வாள். கொடிக் கம்பி உச்சந்தலையில் தட்டும். தங்கள் கடையிலிருந்து அங்கே ஏறிவரும் படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் பழையபடி சுருங்கிவிடுவாள்.

கால் நீட்டும் ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதை அவன் எங்கே கண்டுபிடித்தானோ தெரியாது. ஒரு நாள் கீழே இருக்கும் தங்கள் ஹார்ட்வேர் கடையிலிருந்து டேப்பும் பென்சிலும் கொண்டுவந்தான். தன்னை அளந்தான். அவளையும் நிலையோடு நிற்க வைத்து அளந்தான்; அப்போதும் அவள் குனிந்தபடியேதான் நின்றாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே நாலு சென்டிமீட்டர்.

அவளுடைய கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வருஷம் ஏமாற்றியதும் சேர்ந்து வெளியே வரும். வாயை மூடிக்கொண்டாள்.

சென்னையில் டொக்டர் விளக்கிச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, வெளியே கம்பிக் கூடு மாட்டி, தினமும் திருகித் திருகி இழுக்க வேண்டுமாம். நாலு போதுமே, ஐந்துக்கு மேல் வலியும் ஆபத்தும் கூடும் என்றார். விஜேந்திரன் ஏழுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. சமமாக நின்றால் போதாதாம், பெண்டாட்டியைக் குனிந்து பார்க்க வேண்டுமாம். எல்லா ஆம்பிளையும் இப்படித்தான் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஊருக்குச் சொன்னது பைக் விபத்து. ஹட்டன் கடைத்தெருவே அப்பிளும் மோல்ட் டின்னுமாக வந்து பார்த்துவிட்டுப் போனது. இடித்தவன் விளங்கவே மாட்டான் என்று சாபம் விட்டவர்களுக்கும் அவள் தலையாட்டி வைத்தாள்.

ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்குத் திருகில் கால்வாசிச் சுற்று. ஸ்பேனரைப் பிடித்தது அவள்தான். எழுபது நாள். அவன் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பான். "அவசரம் இல்லங்க. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போதும்" என்பாள் ஒவ்வொரு நாளும்.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் புண்ணைத் துடைப்பதும் தூக்கி உட்கார வைப்பதுமாகக் கட்டிலோரமே அவள் பொழுது போனது. கொடியில் துணி போடுவதைக்கூட அன்னம்மா பார்த்துக்கொண்டார்.

இவ்வளவு பட்ட பிறகு, நிமிர்ந்தால் நான்தான் இன்னும் உயரம், இல்லாவிட்டால் சமம் என்று இவனுக்குக் காட்டுவதா? சாகும்வரை கூனியாகவே இருந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள்.

விஜேந்திரன் சுவரிலிருந்து கையை எடுத்தான். கால் நடுங்கியது, ஆனால் நின்றான். குதிகாலை நிலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு பென்சிலை அவளிடம் நீட்டினான்.

அவள் கோடு போட்டாள். அவளுடைய கோட்டுக்கு மேலே இரண்டு விரல்.

வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு, முதல் தடவையாக அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நான் படியேறி வர்ற வரைக்கும் கொடிக் கம்பி ஒன் உச்சியில தட்டும். நான் வந்ததும் தட்டாது. எத்தன நாள் படிக்குக் கீழ நின்னு பாத்திருக்கேன்" என்றான். "அந்தக் கம்பிய அளந்துட்டுத்தான் டொக்டர்கிட்ட ஏழு கேட்டேன். நிமிந்து நில்லு, பிரியந்தி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் நினைத்தது இதையா, தான் நினைத்தது எதை என்று வெட்கமாகவும் இருந்தது. தோளைப் பின்னால் இழுத்தாள். கழுத்தைத் தூக்கினாள்.

பாதிதான் வந்தது. பதினோரு மாதம் அவன் காலடியில் குனிந்தே கிடந்த முதுகு, அதற்குமேல் வர மறுத்து வலித்தது. மறுபடியும் முயன்றாள். முடியவில்லை. பயந்துபோய் அவனைப் பார்த்தாள்.

அவன் நடுங்கும் காலோடு ஓர் அடி முன்னால் வைத்து, அவள் பிடரியில் கையை வைத்தான்.

"அவசரம் இல்ல. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போதும்."