இல்லாத மிருகம்

"மீன் சமைச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க," என்றார் வீட்டுக்காரர் சபேசன், வாசலைத் தாண்டாமலே. சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் விடும் வீடு. சாக்கடைக் குழாயில் பொருத்திய கருவி, கழிவுநீரில் வரும் புரதத் துணுக்குகளைப் படித்து மாதாமாதம் அவருக்கு அறிக்கை அனுப்பும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வருடத்தில் இது மூன்றாவது வீடு. அந்தக் கருவிகளோடுதான் எனக்கு வேலையே. அவர் கையிலிருந்த அறிக்கையைப் பிடுங்கி இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன்.

"சார், கருவி எவ்வளவு தப்புப் பண்ணுதுன்னு தெரிய, உலகத்துலயே இல்லாத ஒரு மிருகத்தோட புரதத்தையும் அது தேடுற பட்டியல்ல சேர்த்து வைப்பாங்க. இங்க பாருங்க, மீன் நாலு தடவை, அந்த மிருகமும் நாலு தடவை வந்திருக்குன்னு காட்டுது. அப்போ மீனும் பொய்தானே?"

சபேசன் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"அடப்பாவிகளா, அதையுமா தின்னீங்க?"