ஒரு பன்றிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை

"மூளையில ரத்தக்குழாய் சிக்கிக்கிட்டு முடிச்சாயிருக்கு. கத்தியே வேண்டாம் சார், கதிர்வீச்சு கொடுத்தா போதும். முடிச்சு தானா அடைஞ்சுடும்," என்றார் டாக்டர்.

நோயாளி வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "பின்விளைவு?"

"பன்னிங்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஒண்ணுக்குக்கூட எதுவும் ஆகலை." மேசையிலிருந்த ஆய்வுக் கட்டுரையைத் தட்டிக் காட்டினார்.

"பன்னியும் நானும் ஒண்ணா?"

"'மனிதர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்'னு கடைசியில அடிச்சுச் சொல்லியிருக்காங்களே!"

"சொல்றவங்களுக்கென்ன! தலை அவங்களோடதா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஏன் சார் இவ்வளவு பயம்?"

"பின்விளைவு தெரிய வருஷக்கணக்கா ஆகும் டாக்டர்! அந்தப் பன்னிங்க ஆறு மாசம்கூடத் தாண்டலை. அதுக்குள்ள எல்லாத்தையும் கொன்னு மூளையை அறுத்துப் பார்த்தாச்சு."

டாக்டர் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார். "இதுல எங்கேயும் அப்படிப் போடலையே! உங்களுக்கு யார் சொன்னது?"

நோயாளி அவசரமாக மனைவிக்குக் கண்ஜாடை காட்டினார்.

"யார் சொல்லணும்?" என்றாள் மனைவி. "அந்தக் கட்டுரையை எழுதினதுக்காக இவருக்குக் கொடுத்த கேடயத்தை வாராவாரம் நான்தானே துடைக்கிறேன்!"