கொன்றைக்கு வைத்தியம்

வேங்கிக்கால் புதுக் குடியிருப்பில் காலை வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. வீடு கட்டிய வருஷம் வைத்த சரக்கொன்றை இந்தச் சித்திரையில்தான் முதல்முறையாகப் பூத்திருக்கிறது; பூத்த கையோடு நோயும் வந்துவிட்டது. முக்காலியில் ஏறி நிற்கும் கண்ணாயிரம் ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். ஈரம் ஊறியதுபோல் கரும்புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். கிளை நுனி கருகிப் பிசின் கசிகிறது. கருகலுக்கு ஒரு சாண் கீழே, நல்ல பச்சையில் அறுக்கிறார். அடுத்த கிளைக்குப் போகுமுன் கிருமி ஒட்டாமலிருக்க ரம்பத்தைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்குகிறார். மொட்டோடு விழும் கிளைகளை எரிப்பதற்காக அவர் மனைவி ஜோதியம்மாள் ஒதுக்கி வைக்கிறாள். ஒவ்வொரு மொட்டுக்கும் அவள் முகம் சுருங்குகிறது.

“சாமிக்கு அபிஷேகம் பண்ற மாதிரி தினம் சாயந்திரம் மரத்தத் தலையோட குளிப்பாட்டுனியே, அதான். ஓஸ் பைப்புத் தண்ணி தெறிச்சி எலைக்கு எலை கிருமி பரவிடுச்சி” என்கிறார்.

“வெயில்ல வாடுதேனு ஊத்துனேங்க. இனிமே வேருக்கு மட்டும் ஊத்தறேன். பொழைச்சிக்குமா?”

“பொழைச்சிக்கும். அந்தாண்ட பாரு, ஒரு புள்ளி இல்ல.”

அந்தப் பக்கம் தொங்கும் மஞ்சள் சரத்தில் வெயில் வந்து விழுகிறது. சாமி படத்துக்குப் பறிக்க அவர் கையை நீட்டுகிறார்.

“ரம்பத்த முக்கி முக்கி எடுத்தீங்களே, கைய முக்குனீங்களா?”

நீட்டிய கை அப்படியே நிற்கிறது. விரல்களில் பிசின் மினுங்குகிறது. கண்ணாயிரம் இறங்கி வந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறார். ஜோதியம்மாள் சோப்பைக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதே ஓஸைத் திறந்துவிடுகிறாள்.